சிறு விவசாயிகளுக்கு இயற்கை விவசாயப் பயிற்சி: வயலிலேயே நடத்துவது எப்படி?

இயற்கை விவசாயப் பயிற்சி என்றாலே ஒரு மண்டபம், ஒலிபெருக்கி, திரையில் படங்கள், கடைசியில் கையில் ஒரு சான்றிதழ் என்று ஆகிவிட்டது. வந்தவர்கள் ஆர்வமாகத்தான் கேட்கிறார்கள், குறிப்பும் எடுக்கிறார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் அவர்கள் வயலுக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பழைய முறைதான் நடந்துகொண்டிருக்கும். இதற்கு விவசாயியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஒரு ஏக்கரை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு பருவம் போனால் அந்த வருடத்துச் சாப்பாடும் கடன் தவணையும் சேர்ந்தே போகும். காதால் கேட்டதை நம்பி அவர் வயலை மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது.

ஆகவே பயிற்சியின் முதல் வேலை, புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதில் இருக்கும் நஷ்ட பயத்தைக் குறைத்துக் கொடுப்பது. தகவல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சின்ன அளவில், தன் மண்ணிலேயே, தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து விவசாயியே முடிவெடுக்க வழி செய்ய வேண்டும். இந்த வேலையில் புதிதாக இறங்கும் தன்னார்வலர்கள், சிறு அமைப்புகள், தாம் கற்றதைப் பக்கத்து வயல்காரர்களுக்குச் சொல்லித்தர நினைக்கும் அனுபவ விவசாயிகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: வராதவர்களைத் தேடிப் போங்கள்

உலகில் சுமார் 60 கோடிப் பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 84 பண்ணைகள் 2 ஹெக்டேருக்கும், அதாவது சுமார் 5 ஏக்கருக்கும், குறைவானவை. மொத்த விளைநிலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் இவர்களிடம் இருக்கிறது. ஆனால் உலகத்தின் உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர்கள் வயலிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேர் இருந்தும், பயிற்சி என்று அறிவித்தால் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் சாலையோரம் நிலம் உள்ளவர்கள், கூட்டத்தில் பேசிப் பழகியவர்கள், அதிகாரிகளுக்கு ஏற்கெனவே முகம் தெரிந்தவர்கள். குத்தகைக்கு உழுபவர் வர மாட்டார். நாள் முழுக்க வயலில் நின்றாலும் நிலம் தன் பெயரில் இல்லாத பெண் வர மாட்டார். பாதி வாரம் கூலிக்குப் போய் மீதி வாரம் தன் துண்டு நிலத்தைப் பார்ப்பவரும் வர மாட்டார். உங்கள் பயிற்சி அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

அதனால் அறிவிப்பு ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விதைப்புக்கு இரண்டு மாதம் முன்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள். எந்த வயலில் யார் குனிந்து வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, அங்கேயே பேசுங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுவது அவசியம். வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பதில் அவர்களிடமிருந்துதான் வரும். களை எடுப்பதும் விதை சேமிப்பதும் பெண்களாக இருந்தாலும் அப்படித்தான்.

முதல் சில சந்திப்புகளில் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். தரையில் ஒரு கோடு போட்டுப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, மழை எப்போது, விதைப்பு எப்போது, கையில் காசு இல்லாத மாதம் எது, கூலிவேலை அதிகமாகக் கிடைக்கும் மாதம் எது என்று அவர்களையே கற்களையும் விதைகளையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் பயிற்சி நாள்காட்டி அந்தத் தரையிலேயே தெரிந்துவிடும். காசு இல்லாத மாதத்தில் எதையும் வாங்கச் சொல்லக் கூடாது. கூலிவேலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் வகுப்பு வைக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவரும் இதில் சரிசமமாகப் பங்கெடுக்கலாம் என்பது இன்னொரு நல்லது.

இந்தப் பேச்சில் இரண்டு விஷயங்களைக் கூர்ந்து கேளுங்கள். ஒன்று, கடன். பல இடங்களில் உரமும் மருந்தும் விற்கும் கடைக்காரர்தான் பருவம் முழுக்கக் கடன் கொடுப்பவரும்கூட. அந்தக் கடையில் உரம் வாங்குவதை நிறுத்தினால், குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது கைமாற்றுக் கேட்கவும் வழி இருக்காது. "ரசாயனத்தை விட்டுவிடுங்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லும் ஒரு வரி, அவருக்கு அந்த உறவையே முறித்துக்கொள்வது. சிறுசேமிப்புக் குழு மாதிரி ஏதாவது மாற்று வழி உருவாகும் வரை முழு மாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, நில உரிமை. மண் வளம் பெற மூன்று வருடம் ஆகும் என்று குத்தகைதாரரிடம் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த வருடம் அந்த நிலம் அவரிடம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அவருக்கு அந்தப் பருவத்திலேயே பலன் தரும் வேலைகளைச் சொல்லிக்கொடுங்கள்: விதைத் தேர்வு, மருந்துச் செலவைக் குறைப்பது, ஊடுபயிர், வைக்கோலாலோ சருகாலோ மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு. மரப்பயிர், வரப்பு அமைப்பு போன்றவை சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. நில உரிமையாளரிடம் பேசிக் குத்தகையை மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொடுக்க உங்களால் முடியுமென்றால், எந்தப் பயிற்சியையும்விட அது பெரிய உதவி.

இரண்டாம் படி: பருவம் முழுக்க ஓடும் வகுப்பு

வயல்வெளிப் பள்ளி என்ற முறையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது பிறந்த கதை இந்த வேலைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1970களிலும் 80களிலும் இந்தோனேசியாவின் நெல் வயல்களை, தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி மீண்டும் மீண்டும் அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் முதலில் செத்தன. தண்டுக்குள் வைத்த புகையான் முட்டைகள் தப்பின. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஆனால் இனி மருந்து இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பதை விவசாயிகள் தாங்களே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக 1989இல் தொடங்கியவைதான் வயல்வெளிப் பள்ளிகள். உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அவை பிறகு பல நாடுகளுக்கும் பரவின.

இந்தப் பள்ளி நடக்கும் விதம் எளிமையானது. 20 முதல் 25 விவசாயிகள். வாரம் ஒரு அரைநாள். விதைப்பிலிருந்து அறுவடை வரை அதே வயல், அதே குழு. ஐந்தாறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்து வயலுக்குள் இறங்கி, சில செடிகளைத் தேர்ந்தெடுத்து, இலை, தூர், பூச்சி, ஈரம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வெளியே வந்து பார்த்ததை ஒரு பெரிய தாளில் வரைகிறார்கள்: நடுவில் செடி, ஒரு பக்கம் கெடுதல் செய்யும் பூச்சிகள், மறுபக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள், மேலே வெயிலோ மேகமோ. அப்புறம் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுக்கிறார்கள்.

நடத்துபவரின் வேலை கேள்வி கேட்பது. "இது என்ன பூச்சி?" என்று உங்களிடம் யாராவது கேட்டால் உடனே பெயர் சொல்லிவிடாதீர்கள். "எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை இருந்தன?" என்று திருப்பிக் கேளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அது என்ன தின்கிறது என்று தேட ஆரம்பித்தால் பருவம் முழுக்க அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஊர்க்காரர்கள் பூச்சிக்கும் களைக்கும் வைத்திருக்கும் பெயரையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

நடைமுறையில் சில ஏற்பாடுகள் தேவை. வயலுக்குப் பக்கத்தில் நிழல், குடிநீர். பெண்கள் வரும் நேரத்துக்கு ஏற்ற கால அட்டவணை. கைக்குழந்தையோடு வருபவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். பயிற்றுநர்களில் ஒருவராவது பெண். கூலிக்குப் போக வேண்டிய நாளை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. காசு கொடுத்தால் காசுக்காகத்தான் வருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். வகுப்பு அரைநாளோடு முடிந்து மீதி நாளில் வேலைக்குப் போக முடிந்தால் அந்தப் பேச்சே எழாது. அது முடியாத இடத்தில், மிகவும் ஏழையானவர் மட்டும் தன் கைக்காசை இழந்து படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

மூன்றாம் படி: ஒரே வயலில் இரண்டு பாத்தி

முழு நிலத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள். பத்தில் ஒரு பங்கு போதும். அதற்கும் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் துண்டில் புதிய முறை, ஒட்டியே உள்ள துண்டில் அவர் வழக்கமாகச் செய்யும் முறை. ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே நாளில் விதைப்பு. அப்போதுதான் கடைசியில் தெரியும் வித்தியாசம் முறையால் வந்தது என்று சொல்ல முடியும். வழக்கமான துண்டை வேண்டுமென்றே மோசமாக வைத்திருக்கக் கூடாது. அதையும் அவர் எப்போதும் போல நன்றாகவே பார்த்துக்கொள்ளட்டும். நேர்மையான ஒப்பீடுதான் நிலைக்கும்.

சோதனைத் துண்டில் விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை விதைப்புக்கு முன்பே குழுவில் பேசி எழுதி வையுங்கள். நடத்தும் அமைப்பு ஏற்க வேண்டும் என்பதே நியாயம். துண்டு சின்னதாக இருப்பதால் தொகையும் சின்னதாகத்தான் இருக்கும்.

கணக்கு மிக முக்கியம். விதை, எரு, கரைசல், கூலி, வீட்டாட்களின் உழைப்பு நாட்கள் என எல்லாவற்றையும் இரண்டு துண்டுகளுக்கும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். எழுதத் தெரியாதவர் இரண்டு டப்பாக்களில் கொட்டை போட்டு எண்ணலாம். அறுவடையில் ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீட்டர் சதுரக் குச்சிச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருப்பதை அறுத்து, காயவைத்து, எல்லோர் முன்னாலும் எடை போடுங்கள். சட்டத்தை நன்றாக விளைந்த இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு வீசினால் விழுந்த இடத்தில் எடுப்பது நல்லது.

நான்காம் படி: மண்ணைத் தொட்டுப் பார்ப்பது

முதல் வகுப்பை மண்ணிலிருந்து தொடங்குங்கள். ஆய்வகச் சோதனைக்கு வசதி இருந்தால் செய்யுங்கள், அது பயனுள்ளதுதான். ஆனால் எண்கள் நிறைந்த ஒரு காகிதம் செய்யாததைக் கீழே சொல்லும் ஒரு சோதனை செய்துவிடும்.

வயலின் நடுவிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி எடுங்கள். உழவே படாத வரப்பு ஓரத்திலிருந்து, புல் வேர் ஓடிய இடத்தில், அதே அளவில் இன்னொரு கட்டி எடுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் நிரப்பி, வாயில் கம்பி வலையை உள்பக்கமாக வளைத்து வைத்து, கட்டிகள் தண்ணீரில் மூழ்கும்படி மெல்ல இறக்குங்கள். பெரும்பாலான வயல்களில் நடுவயல் கட்டி சில நிமிடங்களில் உதிர்ந்து கொட்டித் தண்ணீர் கலங்கிவிடும். வரப்புக் கட்டி அப்படியே நிற்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே மண்தான், சில அடி தூரம்தான். ஒன்றில் வேரும் மட்கிய தழையும் மண்துகள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன, இன்னொன்றில் அந்தப் பிடிப்பு இல்லை. மழை பெய்தால் மேல்மண் ஏன் இறுகுகிறது, தண்ணீர் ஏன் உள்ளே இறங்காமல் ஓடுகிறது என்பது அங்கேயே புரிந்துவிடும். அதன்பிறகு "இந்தக் கட்டியை அந்தக் கட்டி மாதிரி ஆக்க என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அதே நாளில் இரண்டு துண்டுகளிலும் ஒரு சாண் ஆழத்தில் பழைய பருத்தித் துணி ஒன்றைப் புதைத்து, இடத்தில் குச்சி நட்டு வையுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நுண்ணுயிர்கள் நன்றாக இருக்கும் மண்ணில் துணி கந்தலாகியிருக்கும்.

ஐந்தாம் படி: மட்குக் குவியல், அதன் கணக்கு

மட்கு தயாரிப்பதை ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறையாவது அடுக்கிப் பார்க்க வேண்டும். முறையான மட்குத் தயாரிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, அந்த நாட்டு விவசாயிகளின் பழக்கங்களைக் கவனித்துத்தான் தன் முறையை உருவாக்கினார். ஆகவே உங்கள் குழுவில் ஏற்கெனவே எருக்குழி வைத்திருப்பவர் எப்படிச் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதிலிருந்து மேலே போகலாம்.

காய்ந்த பொருளும் பச்சைப் பொருளும் கலந்து இருக்க வேண்டும். வைக்கோல், சருகு, தட்டை போன்ற காய்ந்தவற்றில் கரிமம் (கார்பன்) அதிகம். பச்சைத் தழையிலும் சாணத்திலும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். கரிமம் 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து 1 பங்கு என்ற விகிதத்தில் குவியல் நன்றாக வேலை செய்யும். இதைத் தராசில் அளக்க வேண்டாம். அளவில் இரண்டு மூன்று கூடை காய்ந்ததுக்கு ஒரு கூடை பச்சை அல்லது சாணம் என்று ஆரம்பித்து, குவியல் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம். தட்டையை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும்.

அடியில் குச்சிகளைப் பரப்பி, அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் தெளியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய குவியல் சூட்டைத் தக்கவைக்காது. ஈரத்தைப் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடு ஏறும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. களை விதையும் நோய்க்கிருமியும் சாக அந்தச் சூடு தேவை. சூடு தணிய ஆரம்பித்ததும் வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போடுங்கள். ஒவ்வொரு புரட்டலுக்கும் மறுபடி சூடேறும். மூக்கைச் சுடும் நெடி வந்தால் பச்சைப் பொருள் அதிகம், சருகு சேருங்கள். அழுகின முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை, புரட்டுங்கள். சூடே ஏறவில்லை என்றால் ஈரமோ சாணமோ போதவில்லை. மூன்று நான்கு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். ஒரு தட்டில் பரப்பிச் சீக்கிரம் முளைக்கும் விதை எதையாவது தூவிப் பாருங்கள். நன்றாக முளைத்தால் வயலுக்குப் போகலாம்.

மட்காத பச்சைச் சாணத்தை அறுவடைக்குக் கிட்டத்தில் காய்கறி வயலில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்க இயற்கை விவசாய விதிப்படி, உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்கு 120 நாளும் மற்றப் பயிர்களுக்கு 90 நாளும் இடைவெளி வேண்டும். விதி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், சாப்பிடுபவரின் வயிற்றைக் காக்கும் விஷயம் இது.

சரி, இப்போது கணக்கு. பல பயிற்சிகள் இந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. நல்ல மட்கில் தழைச்சத்து சுமார் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு டன் மட்கு போட்டால் 10 கிலோ. அதிலும் முதல் வருடத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து கேட்கும் பயிருக்கு மட்கை மட்டும் நம்பினால் எத்தனை டன் வேண்டும் என்று விவசாயிகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாடு, அல்லது மாடே இல்லாத குடும்பத்துக்கு அது நடக்காத காரியம். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தருபவை பயறு வகைகளும் பசுந்தாள் பயிர்களும்தான். சணப்பு, தக்கைப்பூண்டு போன்றவற்றை விதைத்து, 45 முதல் 50 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த வயலில் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து மண்ணில் சேரும். பூத்து முற்றிவிட்டால் தண்டு நாராகி மட்க நாளாகும். அந்த 50 நாள் நிலம் சும்மா கிடக்க முடியாது என்று சொல்பவருக்குப் பயறு ஊடுபயிர் பொருந்தும். காயும் கிடைக்கும், தழையும் கிடைக்கும்.

ஆறாம் படி: பூச்சியை அடிப்பதற்கு முன் பார்ப்பது

வயலில் பிடித்த ஒரு சிலந்தியையும் அதே செடியில் இருந்த சில தத்துப்பூச்சிகளையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, உள்ளே ஒரு இலைத்தண்டு வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஒரு விவசாயி வீட்டுக்கு எடுத்துப் போய்க் காலையும் மாலையும் எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் அவர் வந்து சொல்வதைக் குழு வாய் பிளந்து கேட்கும். நமக்காகப் பூச்சி தின்னும் கூலியாட்களை வருடக்கணக்காக நாமே மருந்தடித்துக் கொன்றிருக்கிறோம் என்ற புரிதல் வருவது பெரும்பாலும் இந்தப் புட்டியிலிருந்துதான்.

இலையில் ஓட்டையைப் பார்த்தவுடன் தெளிப்பானைத் தேடும் பழக்கத்துக்கு இன்னொரு சோதனை. இளம் பருவத்து நெல்லில் ஒரு சின்னச் சதுரத்தில் கால்வாசி இலையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, அறுவடையில் பக்கத்துச் சதுரத்தோடு எடை போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் இழந்த இலையைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும்.

பூச்சியை விலக்கும் பயிர், இழுக்கும் பயிர் என்ற யோசனையும் சொல்லத்தக்கது. கென்யாவில் உள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையம் மக்காச்சோளத்துக்கு ஒரு வழி கண்டது. வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுச் செடி; அதன் வாடை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விலக்கும். வயலைச் சுற்றி நேப்பியர் புல். அது அந்துப்பூச்சியை இழுத்துக்கொள்ளும். டெஸ்மோடியம் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையையும் அடக்கும், மாட்டுக்கும் தீவனமாகும். உங்கள் பகுதிப் பயிருக்கு அப்படியே பொருந்தாது. அந்தச் சிந்தனை பொருந்தும்.

இதையெல்லாம் தாண்டியும் தெளிக்க வேண்டி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசலைக் கற்றுக்கொடுங்கள். தோல் நீக்கிய, நன்றாகக் காய்ந்த பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பால் நிறம் வரும் வரை கலக்கி, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். இலையில் ஒட்ட 200 கிராம் சோப்பு சேர்க்கலாம். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் மாலையில், அன்றன்றைக்குத் தயாரித்து அடிக்க வேண்டும். பழைய கொட்டையில் சத்து குறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. புகையிலைக் கரைசலில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் கடும் நஞ்சு. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். எந்தக் கரைசலானாலும் கையுறை, முகத்துணி, காற்றின் திசை பார்ப்பது ஆகியவை பயிற்சியின் பகுதியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: களை எடுப்பது யார் என்று கேளுங்கள்

களைக்கொல்லியை விட்டால் அந்த வேலை யாரோ ஒருவரின் முதுகில்தான் ஏறும், பெரும்பாலும் பெண்களின் முதுகில். இதைப் பேசாத இயற்கை விவசாயப் பயிற்சியை நான் முழுமையான பயிற்சியாக ஏற்க மாட்டேன். விதைப்புக்கு முன் நிலத்தை நனைத்து, களையை முளைக்கவிட்டு, மேலாகக் கிளறி அழித்துவிட்டு விதைப்பது. வரிசையில் நட்டு உருளைக் களைக்கருவி ஓட்டுவது. வைக்கோல் மூடாக்கு: இவற்றை முதல் வருடத்திலேயே செய்து காட்டுங்கள். கருவி வாங்கினால் அதை ஓட்டப்போகும் பெண்களின் உயரத்துக்கும் கைப்பிடிக்கும் ஏற்றதா என்று அவர்களையே ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கு டப்பாவில் களை எடுத்த நாட்களும் விழ வேண்டும்.

எட்டாம் படி: விளைச்சலையும் விலையையும் பற்றி உண்மை பேசுங்கள்

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று கண்டிருக்கிறார்கள். பயிருக்குப் பயிர் இது நிறைய மாறும். பயறுகளில் வித்தியாசம் குறைவு, பயிர்ச்சுழற்சி நன்றாக இருக்கும் இடத்திலும் குறைவு. உரமே அதிகம் போடாமல் விளைவிப்பவர் வயலில் மட்கும் பசுந்தாளும் சேர்ந்தால் விளைச்சல் கூடவும் செய்யும். உரத்தை அள்ளிப் போட்டுப் பழகிய வயலில் திடீரென்று நிறுத்தினால் முதல் பருவங்களில் விழும். எந்த வயல் எந்த வகை என்று பார்த்துத்தான் பேச வேண்டும். செலவு குறைவதால் கையில் நிற்கும் பணம் கூடலாம். அதைச் சொல்ல வேண்டியது அவருடைய கணக்கு டப்பாதான், நீங்கள் இல்லை.

கூடுதல் விலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இயற்கை விளைபொருள் என்ற சான்று பெற மாற்றக் காலம் உண்டு. ஐரோப்பிய விதிகளில் ஒருவருடப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் 3 வருடம். அமெரிக்காவில் தடை செய்த பொருள் கடைசியாகப் போட்டதிலிருந்து அறுவடைக்கு 36 மாதம். அந்தக் காலம் முழுக்க வேலை இயற்கை முறையில், விலை சாதாரண விலை. தனியாளுக்குச் சான்றுச் செலவு தாங்காது. ஏற்றுமதி இல்லாமல் பக்கத்துச் சந்தைக்கு விற்பவர்களுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை நல்லது. விவசாயிகள் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு, வாங்குபவர்களையும் சேர்த்துக்கொண்டு, தாங்களே உறுதி சொல்லும் முறை அது. பிரேசில், இந்தியா போன்ற நாடுகளில் அதற்கு அரசு அங்கீகாரம் உண்டு. வயல்வெளிப் பள்ளியில் ஒருவர் வயலை ஒருவர் பார்த்துப் பழகிய குழுவுக்கு இது புதிதாகவே தோன்றாது. ஆனால் சான்றைப் பற்றி முதல் பருவத்தில் பேசாதீர்கள். வாங்க ஆள் இருப்பது உறுதியான பிறகு பேசினால் போதும்.

ஒன்பதாம் படி: நீங்கள் விலகும் ஏற்பாடு

1970களில் குவாத்தமாலாவின் மாயா விவசாயிகளிடம் தொடங்கி, மெக்சிகோ, நிகரகுவா, கியூபா என்று பரவிய ஒரு வழக்கம் இருக்கிறது: விவசாயியிடமிருந்து விவசாயிக்கு. தன் நிலத்தில் ஒன்றைச் செய்து பலன் கண்டவர்தான் அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும், ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு விஷயங்களுக்கு மேல் சொல்லக் கூடாது என்பது அதன் நடைமுறை. எனக்குத் தெரிந்து, ஏழை விவசாயிகளிடையே இதைவிட நன்றாக ஒரு முறை பரவியதில்லை.

அதனால் முதல் பருவத்தின் நடுவிலேயே, அடுத்த பருவத்தை நடத்தக்கூடியவர் யார் என்று கவனிக்க ஆரம்பியுங்கள். அதிகம் பேசுபவரைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதைவிட, மற்றவர்கள் சந்தேகம் வந்தால் யார் வயலுக்குப் போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் பருவத்தில் அவர் நடத்தட்டும், நீங்கள் வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். அவர் உழைப்புக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பயிற்றுநருக்குச் சம்பளம், விவசாயிக்கு நன்றி என்ற பாகுபாடு வேண்டாம். களைக்கருவி, தெளிப்பான், தராசு எல்லாம் யார் வீட்டில் இருக்கும், பழுதானால் யார் சரிசெய்வது, பசுந்தாள் விதையை யார் வயலில் எடுத்து வைப்பது என்பதைக் குழுவே முடிவு செய்து எழுதிக்கொள்ளட்டும்.

பயிற்சி முடிந்து ஒரு வருடம் கழித்து, சொல்லாமல் ஒருமுறை போங்கள். எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதை மறந்துவிட்டு, யார் எதைத் தொடர்கிறார், எதை விட்டுவிட்டார், எதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார் என்று கேளுங்கள். விட்டதற்கான காரணத்தை மதிப்போடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டியிருந்ததால் மட்குக் குவியலை விட்டேன் என்று மூன்று பேர் சொன்னால், அடுத்த குழுவுக்கு மட்கு வகுப்பை மழை மாதத்துக்கு மாற்றுங்கள்.